ஒரு நாளைக்கு ஆறு விநாடி

ஆயிரம் ரூபாய் பேட்டரி வாட்ச் ஒரு மாதத்துக்குப் பதினைந்து விநாடி பிசகுகிறது. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய ஆட்டோமேட்டிக் வாட்ச் மூன்றே நாளில் அந்தப் பதினைந்து விநாடியைத் தொட்டுவிடுகிறது. "அப்புறம் எதற்கு சார் அவ்வளவு காசு?" என்று கேட்பவர்கள் நம் குடியிருப்பிலும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிசகை இந்த அளவுக்குக் குறைக்க மனிதர்கள் பட்ட பாடு தெரிந்தால் கேள்வியின் தொனி கொஞ்சம் மாறும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதில் ஆறு விநாடி தவறினால் பிழை 0.007 சதவீதம். சட்டைப் பொத்தான் அளவுள்ள பாலன்ஸ் சக்கரம் ஒன்று, முடியைப் போல மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் பிடியில், இங்குமங்கும் ஆடித்தான் இந்த நேரத்தைக் காட்டுகிறது. இன்றைய வாட்சுகள் பலவற்றில் அது மணிக்கு 28,800 முறை துடிக்கிறது; ஒரு நாளைக்கு 6,91,200 துடிப்பு. நாம் கையை வீசி நடக்கிறோம், ஆட்டோவில் குலுங்குகிறோம், சமையலறை வெப்பத்தில் நிற்கிறோம். இத்தனைக்கும் நடுவில் அது கணக்குத் தவறாமல் ஆட வேண்டும்.

இந்தத் துல்லியத் தேடல் பணக்காரர்களின் பொழுதுபோக்காக மட்டும் வளரவில்லை. 1891 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒரு ஓட்டுநரின் பாக்கெட் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானாக ஓடத் தொடங்கியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு வெப் பால் என்ற கிளீவ்லாந்து கடிகார வியாபாரியை ரயில்வே கடிகாரங்களைச் சோதிக்க நியமித்தார்கள். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது என்ற விதி ரயில்வே ஊழியர்களின் கடிகாரங்களுக்கு வந்தது. நாளைக்கு நான்கு விநாடிக்குச் சற்று அதிகம். இன்றைய நல்ல ஆட்டோமேட்டிக் வாட்சும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் காலத்தில் கைக்கடிகாரத்தை யாரும் நம்பவில்லை. அது பெண்களின் நகை. ஆண்பிள்ளைக்குப் பாக்கெட் கடிகாரம்தான் மரியாதை. 1914 ஜூலையில் இங்கிலாந்தின் கியூ ஆய்வகம் ஒரு சிறிய ரோலெக்ஸ் கைக்கடிகாரத்தை 45 நாள் சோதித்து 'ஏ' வகுப்புச் சான்றிதழ் தந்தது. கப்பல்களுக்கான பெரிய கடிகாரங்களைச் சோதித்துவந்த இடம் அது. அதே மாதக் கடைசியில் முதல் உலகப் போர் தொடங்கியது. பதுங்கு குழியில் நின்றவர்களுக்குப் பாக்கெட்டைத் துழாவ நேரமேது? மரியாதைப் பிரச்சினை தானாகவே தீர்ந்தது.

கடிகாரத்துக்கு வெப்பம் பெரிய எதிரி. சாதாரண எஃகில் செய்த ஹேர் ஸ்பிரிங் ஒரு டிகிரி சூடேறினால் நாளைக்குச் சுமார் 11 விநாடி தாமதமாகும். ஏ.சி. அறையின் 24 டிகிரியிலிருந்து 36 டிகிரி வெயிலுக்கு வந்தால், கணக்குப்படி நாளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். இதற்கு வழி கண்டவர் சார்லஸ் எடுவார் கியோம். சுவிட்சர்லாந்தின் கடிகாரப் பகுதியான ஃப்ளூரியேயில் 1861-இல் பிறந்தவர். நிக்கலும் எஃகும் கலந்த சில உலோகங்கள் வெப்பத்துக்கு மசிவதில்லை என்று கண்டறிந்து, 1920-இன் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார். அதற்கடுத்த 1921-ஆம் ஆண்டின் பரிசுதான் ஐன்ஸ்டைனுக்குப் போனது. ஐன்ஸ்டைனை எல்லோருக்கும் தெரியும். கியோமின் உழைப்பால் பயன் பெற்றவர்களோ அவர் பெயரைக் கேட்டதுகூட இல்லை.

புவியீர்ப்பு இன்னொரு எதிரி. டயல் மேலே பார்க்கக் கிடக்கும்போது ஒரு வேகம், செங்குத்தாக நிற்கும்போது வேறு வேகம். மூன்றாவது எதிரி உள்ளேயே இருக்கிறது: பிரதான ஸ்பிரிங். முழுச் சாவி கொடுத்த காலையில் அதன் வலு ஒன்று, தளர்ந்துபோன மறுநாள் காலையில் வேறொன்று. வலு குறையக் குறையப் பாலன்ஸ் சக்கரத்தின் வீச்சு சுருங்கும், நேரமும் மாறும்.

இங்கேதான் ஆட்டோமேட்டிக் வருகிறது. சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்தது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1770-களிலேயே லெ லோக்ல் நகரின் பெர்லே பாக்கெட் கடிகாரத்தில் இதைச் செய்து பார்த்தார். ஆனால் பாக்கெட்டுக்குள் அசைவு குறைவு. கைக்கடிகாரத்துக்கு இதைக் கொண்டுவந்த ஆங்கிலேயர் ஜான் ஹார்வுட் கவலைப்பட்டது தூசியையும் ஈரத்தையும் பற்றித்தான். சாவித் திருகின் இடுக்கு வழியாகத்தான் இரண்டும் உள்ளே போகின்றன, திருகையே எடுத்துவிட்டால்? 1924-இல் சுவிஸ் காப்புரிமை பெற்ற அவருடைய வாட்சில் திருகு கிடையாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பித்தான் முள்ளை நகர்த்த வேண்டும். பொருளாதார மந்தத்தில் 1931-இல் அவர் நிறுவனம் மூடப்பட்டது. அதே ஆண்டில் ரோலெக்ஸ், முழு வட்டமாகச் சுழலும் எடைத் தகட்டை, அதாவது ரோட்டாரைக் கொண்டுவந்தது. 1948-இல் எட்டெர்னா அந்த ரோட்டாரை ஐந்து சிறு குண்டுகள் கொண்ட பேரிங்கின் மேல் ஏற்றியது.

கை அசையும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி ஏறுவதால் ஸ்பிரிங் எப்போதும் ஏறக்குறைய நிறைந்தே இருக்கும். நிறைந்த பிறகு அது வழுக்கிக்கொள்ளும், அதிகமாகி உடையாது. வலு சீரானால் வீச்சும் சீராகும். துல்லியத்துக்கு ஆட்டோமேட்டிக் செய்த உதவி இதுதான். அசைந்தால்தான் இதெல்லாம்! நாளெல்லாம் சாய்வு நாற்காலியில் அமரும் என்னைப் போன்ற ஓய்வூதியர்களின் வாட்சுக்கு அவ்வப்போது கையாலும் சாவி கொடுக்க வேண்டியிருக்கிறது.

துல்லியத்துக்கென்றே சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் வானாய்வகத்தில் ஆண்டுதோறும் போட்டி நடந்தது. பல நிலைகளில், பல வெப்பநிலைகளில் 45 நாள் சோதனை. கம்பெனிகளின் மிகச் சிறந்த கைகள் மாதக்கணக்கில் ஒவ்வொரு கடிகாரத்தையும் சீர்செய்து அனுப்பும். (இவை கையால் சாவி கொடுப்பவை, ரோட்டாருக்கு ஒதுக்கும் இடத்தையும் பெரிய பாலன்சுக்குக் கொடுத்தார்கள்.) ஜப்பானின் செய்கோ 1964-இல் முதன்முறையாக இங்கே கைக்கடிகாரங்களை அனுப்பியது. அதே ஆண்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வ நேரக் கணிப்பாளர் செய்கோதான். நியூஷாட்டலில் கிடைத்த மிக உயர்ந்த இடமோ 144. அவர்கள் விட்டுவிடவில்லை. செய்கோவின் சுவா, டைனி என்ற இரண்டு ஆலைகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டபடி முன்னேறின. 1967-இல் நான்காவது, ஐந்தாவது, ஏழாவது, எட்டாவது இடங்கள். நிறுவனங்களின் வரிசையில் டைனி இரண்டாவது, சுவா மூன்றாவது. மறுஆண்டு ஜெனீவா போட்டியில் முதல் மூன்று இடங்களை சுவிஸ் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பிடித்தன. அவற்றுக்கு அடுத்து வரிசையாக நின்றவை செய்கோவின் ஸ்பிரிங் கடிகாரங்கள். ஸ்பிரிங் கடிகாரங்களுக்குள் முதலிடம் அவர்களுக்குத்தான். 1969-இல் அதே அனுபவத்தோடு, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் பிசகும் ஆட்டோமேட்டிக் ஒன்றையும் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த வெற்றியை ஓரங்கட்டியதும் அவர்களே. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ விற்பனைக்கு வைத்த குவார்ட்ஸ் ஆஸ்ட்ரான், மாதத்துக்கு ஐந்து விநாடிதான் பிசகியது. விலை 4,50,000 யென். ஒரு சிறிய கார் வாங்கலாம். சில ஆண்டுகளில் விலை சரிந்தது. சுவிட்சர்லாந்தில் 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் பார்த்துவந்த கடிகார வேலை, எண்பதுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. துல்லியத்துக்காகவே வாழ்ந்த ஊர்களின் பிழைப்பைத் துல்லியமே பறித்தது. நம் பக்கம், 1961-இல் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய ஹெச்.எம்.டி. ஆலையின் சாவி வாட்சுகளும் இதே அலையில் சிக்கின. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்த டைட்டன் நம்பியது குவார்ட்ஸை.

1973-இல் ஏற்பட்ட சுவிஸ் சான்றளிப்பு அமைப்பின் விதி இன்றும் அளவுகோலாக இருக்கிறது. 15 நாள், ஐந்து நிலை, 8, 23, 38 டிகிரி என மூன்று வெப்பநிலை. சராசரியாக நாளைக்கு நான்கு விநாடி பின்னால், ஆறு விநாடி முன்னால், இவற்றுக்குள் இருக்க வேண்டும். முன்னால் ஓடுவதற்கு இரண்டு விநாடி கூடுதல் சலுகை. ரயிலைத் தவறவிட்டவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

உங்கள் வாட்சை நீங்களே சோதிக்கலாம். ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் கைப்பேசியோடு ஒப்பிட்டு எழுதி, ஏழால் வகுங்கள். முன்னால் ஓடுகிறதென்றால் இரவில் டயல் மேலே பார்க்க, திருகு கீழே பார்க்க என நிலையை மாற்றி வைத்துப் பாருங்கள். எந்த நிலையில் மெதுவாகிறதோ அதிலேயே வைக்கலாம், பகலில் சேர்ந்தது இரவில் கழிந்துவிடும். திடீரென்று நாளைக்குப் பல நிமிடம் முன்னால் ஓடத் தொடங்கினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு, எதுவும் காரணமாகலாம். கடைக்காரர் காந்தத்தை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. முழு சர்வீஸ் வேண்டும் என்று சொன்னால், முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.