ஆனைமுடி

ஆனைமுடி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றுக்கு வடக்கே, இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் நிற்கும் மலைமுடி. உயரம் 2,695 மீட்டர். இந்தியாவில் இமயமலைக்குத் தெற்கே இதைவிட உயர்ந்த இடம் கிடையாது.

கொச்சியிலிருந்து மூணாறு சாலைவழி சுமார் 130 கி.மீ. ஆனாலும் மலையையும் துறைமுகத்தையும் தண்ணீர் இணைத்திருக்கிறது. இரவிகுளத்தில் பெய்யும் மழையில் கிழக்கே சரிவது லக்கம் அருவி வழியாகப் பாம்பாறு, அமராவதி, காவிரி என்று தமிழ்நாட்டுக்குப் போகிறது. மேற்கே இறங்குவது பெரியாற்றில் சேர்ந்து, ஆலுவாவில் கொச்சிக்குக் குடிநீராகி, மிச்சம் கடலோரக் காயல்களில் கலக்கிறது. பண்டைத் துறைமுகமான முசிறியைத் தூர்த்து, பின்னாளில் மட்டாஞ்சேரியின் மிளகு வணிகத்தை வளர்த்த கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து பிரிட்டிஷ்காரரான மன்றோ குத்தகைக்குப் பெற்ற, ஆனைமுடியைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளில் பின்னர் தேயிலை பரவியது. தொடக்கத்தில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடி சென்றன. அவற்றை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையை 1924 பெருவெள்ளம் அடித்துப் போனது. பின்னாளில் ஆலுவாச் சாலையும் 1947-இல் தொடங்கிய தேயிலை ஏலமும் கொச்சியை இந்தத் தேயிலையின் சந்தையாக்கின. கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, பூங்காவிலுள்ள இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். ஆனைமுடியின் வரலாறு இவர்களையும் சேர்த்ததுதான்.

சரிவுகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. உலகிலேயே வரையாடுகள் அதிகம் வாழும் இடம் இரவிகுளமே. 12 ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி 2018-இல் பூத்தபோது பெருமழை அதைக் குலைத்தது. இவற்றைவிட அரியது உச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டு 2010-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு புதர்த்தவளை. செம்மஞ்சள் நிறம், உடலெங்கும் புடைத்த சுரப்பிகள், குட்டைக் கால்கள். சிறுமூங்கில் புதரடியில் முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளிவரும். இரவிகுளத்துக்கு வெளியே எங்கும் காணப்படவில்லை.

வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்கா மூடப்படும். மற்ற நாட்களில் இராஜமலை வரை போகலாம். முடியில் ஏறப் பயணிகளுக்கு அனுமதியில்லை. அந்தத் தவளையின் மூங்கில் புதர்களை மிதிபடாமல் காப்பதற்காகவாவது இந்தத் தடை நீடிக்க வேண்டும்.