கள்ளக் காசுப் புதிர்

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் காசுகளுக்குள் எடை மாறிய ஒன்றை, படிக்கற்கள் இல்லாத இருதட்டுத் தராசைக் கொண்டு மிகக் குறைந்த முறை நிறுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் தருக்கப் புதிர். 1945 சனவரியில் ‘அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி’ இதழில் இ. டி. ஷெல் இதன் எளிய வடிவத்தைக் கேட்டிருந்தார்: எட்டுக் காசுகள், அவற்றில் ஒன்று எடை குறைந்ததாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இரண்டே நிறுவையில் முடிவு சொல்ல வேண்டும்.

இடப்பக்கம் தாழ்வது, வலப்பக்கம் தாழ்வது, சமமாக நிற்பது எனத் தராசு மூன்று விடைகள் தருகிறது. சமநிலையும் ஒரு விடை என்பதில்தான் புதிரின் உயிர் இருக்கிறது. தட்டில் ஏறாத காசுகளைப் பற்றியும் அது செய்தி சொல்லிவிடுகிறது. இரண்டு நிறுவைகளால் ஒன்பது நிலைமைகளைப் பிரித்தறியலாம். ஷெல்லின் கேள்வியிலும் சரியாக ஒன்பது நிலைமைகளே உள்ளன.

புகழ்பெற்ற வடிவம் பன்னிரண்டு காசுகளுக்கானது. கள்ளக் காசு கனமா, இலேசா என்பதே தெரியாது. மூன்று நிறுவையில் காசையும் குறையையும் சொல்லியாக வேண்டும். முதலில் 1, 2, 3, 4 ஒரு தட்டில், 5, 6, 7, 8 மறு தட்டில். சமமானால் 9, 10, 11 ஆகியவற்றை நல்லவை என்று தெரிந்துவிட்ட மூன்று காசுகளோடு நிறுக்கலாம், மிச்சம் எளிது. முதல் தட்டு தாழ்ந்தால் 1, 2, 5 ஒருபுறம், 3, 4, 6 மறுபுறம் வைக்க வேண்டும். 5 தட்டு மாறியதுதான் இங்கே அழகு. சமமானால் 7 அல்லது 8 இலேசு. 1, 2, 5 உள்ள தட்டு தாழ்ந்தால் 1 அல்லது 2 கனம், இல்லையேல் 6 இலேசு. எதிர்த்தட்டு தாழ்ந்தால் 3 அல்லது 4 கனம், இல்லையேல் 5 இலேசு. ஐயத்துக்குரிய இணையை ஒன்றோடொன்று நிறுத்தால் உண்மை தெரியும். முதல் நிறுவையில் மறு தட்டு தாழ்ந்தால் கனமும் இலேசும் இடம் மாறும், அவ்வளவே.

பதின்மூன்று காசுகளுக்கு 26 நிலைமைகள். மூன்று நிறுவைகள் 27 வரை பிரிக்கும். ஆனாலும் முடியாது. ஐந்துக்கு ஐந்து வைத்துத் தராசு சாய்ந்தால் பத்து நிலைமைகள் எஞ்சும். நான்குக்கு நான்கு வைத்துச் சமமானாலும், வெளியே நிற்கும் ஐந்து காசுகளால் பத்து எஞ்சும். மீதியுள்ள இரண்டு நிறுவைகளால் ஒன்பதையே பிரிக்க முடியும். நல்லதென்று தெரிந்த காசு ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் பதின்மூன்றும் சாத்தியம்.

பொதுத் தீர்வை ஃப்ரீமன் டைசன் 1946-இல் ‘மேத்தமேட்டிக்கல் கெசட்’டில் வெளியிட்டார்: n நிறுவைகளில் அதிகபட்சம் (3ⁿ−3)/2 காசுகள். ஒவ்வொரு காசுக்கும் மும்மை எண்முறையில் ஒரு குறியீடு கொடுத்து, எந்த நிறுவையில் அது எங்கே இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அவர் வகுத்தார். போர்க்கால ஆய்வாளர்களின் பத்தாயிரம் மணி நேரத்தை விழுங்கிய இந்தப் புதிரை ஜெர்மனிமீது வீசலாம் என்ற யோசனை எழுந்ததாக ஒரு பேச்சு உண்டு. கணிதவியலாளர் லிட்டில்வுட் தம் 1953-ஆம் ஆண்டு நூலில் அதைக் குறிப்பிடுகிறார்.