பெருவில் 6 அதிபர்கள், பேராக்கில் 4 மந்திரி பெசார்கள்: தேர்தல் நடக்காமலே தலைவர் மாறுவது எப்படி?

தென் அமெரிக்காவில் இருக்கும் பெரு நாட்டில் 2016 ஜூலைக்கும் 2022 டிசம்பருக்கும் இடையில் ஆறு பேர் அதிபராகப் பதவியேற்றார்கள். நம்ம பேராக் மாநிலமும் இதில் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. 2008 மார்ச் முதல் 2020 டிசம்பர் வரை நான்கு மந்திரி பெசார்களைப் பார்த்துவிட்டது. அந்த நால்வரில் இருவர் பதவிக்கு வந்தது தேர்தல் முடிவால் அல்ல.

நாம்தானே ஓட்டுப் போட்டோம், அப்புறம் எப்படி ஆள் மாறுகிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட பாரிட் புந்தார் நல்ல இடம்.

பாரிட் புந்தார் வாக்காளர் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்?

பேராக்கின் வடகோடியில், கெரியான் மாவட்டத்தில் இருக்கும் ஊர் இது. 2022 பொதுத் தேர்தலில் இங்கே ஓட்டுப் போட்டவர்கள் கையில் இரண்டு வாக்குச்சீட்டுகள் இருந்தன. ஒன்று பாரிட் புந்தார் நாடாளுமன்றத் தொகுதிக்கு. இன்னொன்று சட்டமன்றத்துக்கு: தித்தி செரோங் அல்லது கோலா குராவ்.

இரண்டு சீட்டிலுமே "மந்திரி பெசார்" என்ற பதவி கிடையாது. பேராக் சட்டமன்றத்தில் 59 இடங்கள். அதில் 30 பேரின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ, அவரை சுல்தான் மந்திரி பெசாராக நியமிக்கிறார். நீங்க தேர்ந்தெடுப்பது உறுப்பினரை மட்டும்தான்.

பெருவில் அப்படி இல்லை. அங்கே மக்கள் நேரடியாக அதிபருக்கே ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் "நிரந்தரமான ஒழுக்கத் தகுதியின்மை" என்ற காரணத்தைச் சொல்லி அதிபரை நீக்கும் அதிகாரம் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு உண்டு. அந்த ஆண்டுகளில் 130 பேர் கொண்ட அவையில் 87 ஓட்டு கிடைத்தால் போதும். எது ஒழுக்கத் தகுதியின்மை என்று அரசமைப்புச் சட்டம் தெளிவாகச் சொல்வதில்லை.

2009: ஆட்சி கைமாறிய கதை

2008 மார்ச் 8 தேர்தலில் மக்கள் கூட்டணிக்கு 31 இடங்கள், தேசிய முன்னணிக்கு 28. பாஸ் கட்சியின் முகமட் நிசார் ஜமாலுடின் மந்திரி பெசார் ஆனார். ஜ.செ.க.வின் வி. சிவகுமார் சபாநாயகர் ஆனார்.

பதினோரு மாதம்கூட நிலைக்கவில்லை. 2009 பிப்ரவரியில் பெஹ்ராங், சங்காட் ஜெரிங், ஜெலாப்பாங் தொகுதிகளின் உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகி, சுயேச்சைகளாக தேசிய முன்னணியை ஆதரித்தார்கள். கணக்கு 28, 28, 3 என்று ஆனது.

சட்டமன்றத்தைக் கலைத்து மறுதேர்தல் நடத்தும்படி நிசார் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா அதற்கு இணங்கவில்லை. 31 உறுப்பினர்களையும் நேரில் சந்தித்தபின், நிசாரைப் பதவி விலகச் சொன்னார். பிப்ரவரி 6-ஆம் தேதி சம்ரி அப்துல் காதிர் பதவியேற்றார்.

மே 7-ஆம் தேதி ஈப்போவில் கூடிய சட்டமன்றத்தில் பெரிய அமளி. சிவகுமாரை காவல்துறையினர் அவையிலிருந்து வெளியே இழுத்துச் சென்றார்கள். சபாநாயகர் இருக்கையில் ம.இ.கா.வைச் சேர்ந்த ஆர். கணேசன் அமர்ந்தார். வெளியேற்றப்பட்டவரும் மலேசிய இந்தியர், அமர்ந்தவரும் மலேசிய இந்தியர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தித்தி செரோங், கோலா குராவ் இரண்டிலும் 2008-இல் மக்கள் கூட்டணிதான் ஜெயித்தது. அந்த இருவரும் அப்போது அணி மாறவில்லை. ஆனாலும் பாரிட் புந்தார் மக்கள் போட்ட ஓட்டில் அமைந்த ஆட்சி போச்சு. வேறு தொகுதிகளில் மூன்று பேர் நகர்ந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

ஆதரவு போய்விட்டது என்பதை எங்கே நிரூபிக்க வேண்டும்? சட்டமன்ற வாக்கெடுப்பில் மட்டும்தானா? வழக்கின் மையக் கேள்வி இதுதான்.

2009 மே 11-ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், நிசாரே முறையான மந்திரி பெசார் என்றது. அதே மாதம் 22-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: ஆதரவு இருக்கிறதா இல்லையா என்பதை அவைக்கு வெளியே வேறு வழிகளிலும் அறியலாம், சம்ரியின் நியமனம் செல்லும்.

2020: இரண்டு நாடுகள், ஒரே மாத இடைவெளி

2018 தேர்தலில் நம்பிக்கைக் கூட்டணிக்கு 29, தேசிய முன்னணிக்கு 27, பாஸுக்கு 3. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இந்தத் தடவை தேசிய முன்னணியில் ஜெயித்த இருவர் எதிரணிக்கு ஆதரவு கொடுக்க, பெர்சத்துவின் அமாட் ஃபைசால் அசுமு மந்திரி பெசார் ஆனார். அணி மாறுவது ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமான பழக்கம் இல்லை.

2020 மார்ச்சில் பெர்சத்து கூட்டணியை மாற்றியது. அப்போது தித்தி செரோங் உறுப்பினர் அமானாவிலிருந்து பெர்சத்துவுக்குப் போனார். புந்தோங், துரோனோ உறுப்பினர்கள் ஜ.செ.க.வை விட்டு விலகினார்கள். 2009-இல் வேறு ஊர்களில் நடந்தது, இப்போ பாரிட் புந்தாரிலேயே நடந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி பெரு நாடாளுமன்றம் 105 ஓட்டில் அதிபர் மார்ட்டின் விஸ்காராவை நீக்கியது. அடுத்து வந்த மனுவேல் மெரினோவுக்கு எதிராக இளைஞர்கள் வீதியில் இறங்கினார்கள். போராட்டத்தில் இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தனர். ஐந்தே நாளில் மெரினோ விலகினார்.

டிசம்பர் 4-ஆம் தேதி ஈப்போவில் ஃபைசால் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத ஓட்டு 1. டிசம்பர் 10-ஆம் தேதி அம்னோவின் சாராணி முகமட் பதவியேற்றார். 2009-இல் அவைக்கு வெளியே முடிவான கேள்வி, இந்த முறை அவைக்குள்ளேயே எண்ணிப் பார்க்கப்பட்டது.

இனி இப்படி நடக்காதா?

கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5-ஆம் தேதி அமலுக்கு வந்தது. கட்சி சின்னத்தில் ஜெயித்த நாடாளுமன்ற உறுப்பினர் கட்சியை விட்டு விலகினால் பதவி பறிபோகும், இடைத்தேர்தல் வரும். சட்டமன்றங்களைப் பொறுத்தவரை அந்தந்த மாநிலம் தன் அரசமைப்பைத் தனியாகத் திருத்த வேண்டும்.

சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டு. கட்சியே ஓர் உறுப்பினரை நீக்கினால் அவர் பதவி போகாது. ஒரு கட்சி முழுசாகக் கூட்டணி மாறினாலும் யார் பதவியும் போகாது. அதாவது, 2009-இல் மூவர் செய்தது போன்ற விலகலை இந்த விதி பிடிக்கும். 2020-இல் பெர்சத்து செய்தது போன்ற கூட்டணி மாற்றத்தைப் பிடிக்காது.

ஆகவே அடுத்த தேர்தலில் சட்டமன்றச் சீட்டைக் கையில் வாங்கும்போது, "யார் மந்திரி பெசார் ஆவார்?" என்பதோடு நிறுத்தாதீங்க. உங்க தொகுதி வேட்பாளர் இதற்கு முன்னால் அணி மாறியிருக்கிறாரா, அவர் கட்சி கூட்டணி மாறியிருக்கிறதா என்றும் பாருங்க. பேராக்கில் இரண்டு ஆட்சிகளைக் கவிழ்த்தவை அந்த இரண்டும்தான்.