மட் ஃபிளாப்

மட் ஃபிளாப் என்பது லாரி, டிரெய்லர் முதலான கனரக வண்டிகளின் பின்சக்கரங்களுக்குப் பின்னால் சேசிஸிலிருந்து தொங்கவிடப்படும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் திரையாகும். டயர் சுழலும்போது அதன் பள்ளங்களில் ஏறிய நீரும் சேறும் சரளைக்கல்லும் பின்னோக்கி வீசப்படுகின்றன. அவற்றை மறித்துச் சாலையிலேயே விழச் செய்வதே இத்திரையின் பணி. சக்கரத்தின் மேற்புறத்தை வளைந்து மூடும் மட்கார்டிலிருந்து இது வேறானது. நெடுந்தூரச் சரக்கு டிரெய்லர்கள் பலவற்றில் மட்கார்டே இருப்பதில்லையாதலால், பின்னால் வரும் காரின் முன்கண்ணாடிக்கும் இருசக்கர வண்டியோட்டியின் முகத்துக்கும் இத்திரை ஒன்றே காப்பு.

இத்திரையின் வடிவம் பற்றிய வழக்கொன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1950களில் இல்லினாய் மாநிலம், தன் எல்லைக்குள் ஓடும் லாரிகளும் டிரெய்லர்களும் நேராகத் தொங்கும் வழக்கமான திரையை விடுத்து, சக்கரத்தின் பின்புற வளைவை ஒட்டி அமைந்த வளைவுக் காப்பையே பொருத்த வேண்டுமெனச் சட்டமியற்றியது. அப்போது குறைந்தது 45 மாநிலங்களில் நேர்திரை சட்டப்படி செல்லுபடியாக இருந்தது. ஆர்கன்சாஸ் மாநிலமோ நேர்திரையைக் கட்டாயமாகவே ஆக்கியிருந்தது. ஆகவே ஒரே டிரெய்லர் இவ்விரு மாநிலங்களிலும் சட்டத்துக்கு உட்பட்டு ஓட வழியில்லாமல் போனது. வளைவுக் காப்பு டிரெய்லருடன் பற்றவைத்துப் பொருத்தப்படுவது. அதை மாட்டவோ கழற்றவோ 2 முதல் 4 மணிநேரம் பிடித்தது, வண்டியொன்றுக்கு 30 டாலரோ அதற்கு மேலோ செலவாயிற்று. வெடிபொருள் ஏற்றிய டிரெய்லராக இருந்தால், சரக்கை இறக்காமல் அதன்மேல் பற்றவைப்பு வேலை செய்வது பேராபத்து. ஒரு நிறுவனத்தின் டிரெய்லரை மற்றொரு நிறுவனம் வழியில் ஏற்றுக்கொண்டு இழுத்துச் செல்லும் வழக்கமும் இதனால் சீர்குலையும் நிலை ஏற்பட்டது.

பிப் எதிர் நவஹோ ஃபிரெயிட் லைன்ஸ் என்று அறியப்படும் இவ்வழக்கில் 1959 மே 25 அன்று தீர்ப்பு வெளியானது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய அத்தீர்ப்பு, இல்லினாய் சட்டம் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தின்மேல் அரசியலமைப்பு ஏற்காத சுமையைச் சுமத்துகிறது என்று கூறி அதைச் செல்லாததாக்கியது. வளைவுக் காப்பு நேர்திரையைவிட மேலான பாதுகாப்பு எதையும் தரவில்லை, மாறாக பிரேக் டிரம்மைச் சுற்றி வெப்பத்தைத் தேக்கி பிரேக்கின் திறனைக் குறைக்கிறது, கழன்று சாலையில் விழும் வாய்ப்பும் அதற்கு மிகுதி என்று கீழ்நீதிமன்றம் கண்டிருந்ததையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. சாலைப் பாதுகாப்புச் சட்டங்களை நீதிமன்றங்கள் எளிதில் ரத்து செய்வதில்லை. அவ்வாறு செய்த அரிய நேர்வுகளுள் ஒன்றாக இது அமெரிக்க அரசியலமைப்புச் சட்டப் பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. நேர்திரை நிலைபெற வழிவகுத்த இம்முடிவு சரியானதே.

டயர்கள் வீசும் மழைநீர்த் துவலையைக் கட்டுப்படுத்தும் இத்தகைய கருவிகளுக்கு நாடு முழுமைக்குமான விதி வகுக்க 1982ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று பணித்ததெனினும், அம்முயற்சி 1988இல் கைவிடப்பட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும் நிலை அங்கே நீடிக்கிறது. ஐரோப்பியச் சமூகம் 1991இல் பொதுநெறி ஒன்றைப் பிறப்பித்து, இக்கருவிகளை இரண்டாக வகைப்படுத்தியது: நீரின் வேகத்தை உறிஞ்சி அதைத் திரட்டிக் கீழே வடியச் செய்வது ஒன்று, காற்றை வெளியேவிட்டு நீரைப் பிரித்துத் தடுப்பது மற்றொன்று. புல்தரை போன்ற குச்சங்கள் உட்புறம் அமைந்த திரை முதல் வகையைச் சேர்ந்தது.

திரையைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் கருத வேண்டியது அகலம். திரை டயரின் முழு அகலத்தையும் மறைக்க வேண்டும். இரட்டை டயர்களுக்கு 24 அங்குல அகலமும் 30 அல்லது 36 அங்குல நீளமும் கொண்ட திரைகள் பரவலாக விற்கப்படுகின்றன. அடுத்தது பொருள். ரப்பர் கனமானது, கடுங்குளிரிலும் வளையும். பிளாஸ்டிக் எடை குறைந்தது, விலையும் குறைவு, ஆனால் உறைபனியில் வெடிக்கக்கூடும், புகைக்குழாயின் அருகே உருகிவிடும். மெல்லிய திரை வேகத்தில் காற்றால் மேலெழும்பிவிடுவதால் அதனால் பயனில்லை. தடித்ததோ விறைப்பு வரிகள் உடையதோ ஆன திரையே நெடுஞ்சாலைக்கு ஏற்றது.

பொருத்தும்போது திரையை டயருக்கு மிக நெருக்கமாகத் தொங்கவிடலாகாது. வண்டி பின்னோக்கி நகரும்போதோ, ஏர் சஸ்பென்ஷனில் காற்று இறங்கிச் சேசிஸ் தாழும்போதோ டயர் திரையைப் பற்றிக் கிழித்துவிடும். பனிச்சாலைகளில் டயருக்குச் சங்கிலி கட்டும் வண்டிகளுக்கு இன்னும் கூடுதல் இடைவெளி விட வேண்டும். தரையிலிருந்து திரையின் கீழ்விளிம்பு இருக்கும் உயரத்தை சரக்கில்லாத வெறும் வண்டியில் மட்டும் அளந்தால் போதாது, சரக்கேற்றிய நிலையிலும் அளக்க வேண்டும். ஐரோப்பிய நெறிப்படி பொதுவாக இது 200 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது, கடைசி அச்சுக்குச் சில அமைப்புகளில் 300 வரை இசைவு உண்டு. திரையைத் தாங்கும் இரும்புக் கை ஸ்பிரிங் உடையதாக இருப்பின், திரை எதிலாவது சிக்கும்போது வளைந்துகொடுத்து மீண்டும் நிமிரும். போல்ட் தலைகள் திரையை நேரடியாக அழுத்தினால் துளைகள் நாளடைவில் கிழியுமாதலால், மேல்விளிம்பின் மீது நீண்ட இரும்புப் பட்டை ஒன்றை வைத்து, தானாகத் தளராத நட்டுகளால் முடுக்குவதே நல்ல வேலை. மண், ஜல்லி கொட்டும் டிப்பர்கள் குவியலை நோக்கிப் பின்வாங்கும் முன் திரையைச் சங்கிலியால் தூக்கிக் கட்டிக்கொள்வது தேவை.

காற்றுத் தடையைக் குறைப்பதற்காகப் பிளவுத் துளைகள் இட்ட திரைகளும் இப்போது விற்பனையில் உள்ளன. பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் பகுதி லாரிகளில் உரிமையாளர் பெயரோ நிறுவனப் பெயரோ எழுதிய ரப்பர் திரைகள் காணப்படுகின்றன. எழுத்து எதுவாயினும், கிழிந்த திரையை உடனே மாற்றுவது பின்னால் வருவோருக்கு லாரி உரிமையாளர் செய்ய வேண்டிய கடமை.