டியூட்டி சைக்கிள்

‘நைட் டியூட்டி’யில் இருக்கிற அதே டியூட்டிதான். லத்தீன் வேருக்குப் போனால் ‘கடன்பட்டிருத்தல்’ என்று பொருள். தமிழிலும் கடனும் கடமையும் உறவுதானே. சைக்கிள், சக்கரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

வெல்டிங் மெஷினில் டியூட்டி சைக்கிள் 60% என்று போட்டிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் பற்றவைக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். சிப்பின் கடிகாரத் துடிப்பில், ஒரு சுற்றில் மின்னழுத்தம் உயர்ந்து நிற்கும் பங்கே இது. ஓய்வு என்ற பொருள் இங்கே உதிர்ந்துவிடுகிறது. 1 கிகாஹெர்ட்ஸ் துடிப்பின் சுற்று 1000 பிக்கோ வினாடி. மேலே 500, கீழே 500 என்றால் 50%.

டிடிஆர் நினைவகம் துடிப்பின் ஏறுமுனை, இறங்குமுனை இரண்டிலும் தரவை அனுப்புகிறது. ஆகவே 450, 550 என்று பிரிந்தால் ஒரு தரவுக்கு நேரம் போதாது. பிஎம்ஓஎஸ், என்எம்ஓஎஸ் டிரான்சிஸ்டர்களின் வலு ஒத்துப்போகாததால், துடிப்பு அதைக் கடத்தும் பஃபர்களைத் தாண்டத் தாண்ட இந்தக் கோணல் சேர்ந்துகொண்டே போகும்.

இதைத் திருத்தும் மின்சுற்று, துடிப்பின் சராசரி மின்னழுத்தத்தை எடுத்து, வழங்கு மின்னழுத்தத்தின் பாதியோடு ஒப்பிடும். கூடினால் ஏறுமுனையைத் தாமதப்படுத்தும், குறைந்தால் இறங்குமுனையை. இரட்டை வேகத் துடிப்பை ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பால் இரண்டாக வகுத்தாலும் 50% கிடைக்கும். எளிய வழி, ஆனால் மின்சாரம் தின்னும்.