தானியங்கிக் காந்தப்புலமானி

உணரியை மோட்டாரால் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் காந்தப்புலத்தை அளந்து, கணினியில் தானே பதிந்துகொள்ளும் கருவி. தமிழகக் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் இந்த வேலையை இன்றும் விலகு காந்தமானியே செய்கிறது: முள்ளின் இரு முனைகளையும் பார்த்து, சுருளின் மின்னோட்டத்தைத் திருப்பி மறுபடி பார்த்து, ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும்.

இந்தியாவில் மலிவான கணினிவழி ஆய்வகக் கருவிகளுக்குப் பெரிய தொடக்கம், புதுடெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் ஃபீனிக்ஸ் திட்டம் (2004). அதில் உருவான எக்ஸ்ப்ஐஸ் கருவியின் வடிவமைப்பும் பைத்தான் மென்பொருளும் எல்லாருக்கும் திறந்தவை.

இத்தகைய கருவியைத் தாமே செய்ய விரும்பும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்க மாணவர்கள் உணரிக்கும் அர்டுவினோ பலகைக்கும் சென்னை ரிச்சி தெரு போகலாம். செப்புக் கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடையும், பித்தளைத் திருகாணிக்கு லேத் பட்டறையும் அருகிலேயே உண்டு.

உணரித் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். 49இ வகை ஹால் உணரி ஒரு காஸுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிவோல்ட் தரும். அர்டுவினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அதாவது சுமார் 3.5 காஸ். சட்டக் காந்தத்தின் அருகே இது போதும். சென்னையில் சுமார் 0.4 காஸ் உள்ள புவிக்காந்தம் இதன் கண்ணில் படவே படாது. அதற்கு எச்எம்சி5883எல் போன்ற மூவச்சு உணரி வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் விற்கும் பலகைகள் பலவற்றில் இருப்பது கியூஎம்சி5883எல் சில்லு. இரண்டையும் அர்டுவினோ அழைக்கும் முகவரி வேறு வேறு என்பதால் நிரல் வேலை செய்யாது. நிரல் எழுதியவர் தன் தவறென்று நினைத்து இரவெல்லாம் தேடுவார்.

அளவு திருத்தத்துக்குப் புவியே போதும். சென்னை காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் புலம் ஏறக்குறையக் கிடையாகவே உள்ளது. உணரியை வடக்கு நோக்கி வைத்து, பின் அரைச்சுற்று திருப்பினால் அளவீடு 0.8 காஸ் மாற வேண்டும். இரண்டின் சராசரி உணரியின் சுழிப் பிழை. சரிபார்க்க, 10 செ.மீ. ஆரமும் தலா 100 சுற்றும் கொண்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் இணையில் அரை ஆம்பியர் செலுத்தலாம்: நடுவில் 4.5 காஸ் கிடைக்கும்.

ஸ்டெப்பர் மோட்டாருக்குள்ளும் காந்தம் உண்டு. எனவே உணரியை நீண்ட அலுமினியக் கோலின் முனையில் பொருத்துவார்கள். இரும்புத் திருகாணி ஒன்றுகூட அருகில் இருக்கக் கூடாது.