சிறார் நூலாக மாறிய வரைகதை: ‘போன்’ தொடரின் வரலாறு

8 முதல் 12 வயதினருக்கான நகைச்சுவை மாய வரைகதைகளைப் பற்றிப் பேசுவோர் ஜெஃப் ஸ்மித்தின் ‘போன்’ தொடரை முன்மாதிரியாகச் சுட்டுவர். எனினும் அது சிறார் நூலாகப் பிறக்கவில்லை. 1991-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஸ்மித் அதனைத் தாமே பதிப்பிக்கத் தொடங்கினார். பின்னர் அவர்தம் மனைவி விஜயா ஐயர் தம் பணியைத் துறந்து பதிப்பக நிர்வாகத்தை ஏற்றார். 2004 வரை கறுப்பு வெள்ளையில் 55 இதழ்கள் வெளிவந்தன. அவை விற்கப்பட்டது சித்திரக்கதைக் கடைகளில். அங்கு அக்காலத்தில் வந்தோர் பெரும்பாலும் வளர்ந்தோரே.

கதைத்தலைவன் ஃபோன் போன் ‘மோபி டிக்’ புதினத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கேட்போர் உறங்கிவிடுகின்றனர். இதனை முழுமையாகச் சுவைக்க அப்புதினத்தோடு சற்றேனும் போராடியிருத்தல் வேண்டும். பசுக்களின் ஓட்டப் பந்தயத்தில் பசு வேடமிட்டு நுழையும் ஸ்மைலி போனைக் கண்டு நகைக்கவோ எம்முன்னறிவும் வேண்டா. இவ்விரட்டைத் தன்மையே பின்னாளில் இத்தொடரைச் சிறாரிடம் சேர்த்தது எனலாம்.

2005-இல் ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் ‘கிராஃபிக்ஸ்’ என்னும் வரைகதைப் பிரிவை இதன் வண்ணப் பதிப்பைக் கொண்டே தொடங்கியது. ஸ்டீவ் ஹமாக்கர் வண்ணந்தீட்டிய 9 தொகுதிகளும் 2009-இல் நிறைவுற்றன. கதை அப்படியே இருக்க, அது கடை மாறிப் பள்ளி நூலகங்களுள் புகுந்தது. புகுந்தபின் கண்காணிப்பும் உடன் வந்தது: அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக்குரிய, மிகுதியும் எதிர்க்கப்பட்ட நூல்களின் பட்டியலில் ‘போன்’ பத்தாம் இடம் பெற்றது.